கடல் கடந்த திண்ணைச் சத்தம்

பூந்தமல்லியில் இருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை, எழும்பூரின் வடக்கு ஓரத்தை ஒட்டிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய்ச் சேருகிறது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் பூந்தமல்லியில் பட்டாள முகாம் இருந்தது. கண்டோன்மென்ட் என்ற பெயர் இன்றும் ஊருக்குள் புழங்குகிறது. ஐரோப்பியச் சிப்பாய்கள் இங்கே பெற்று, செத்தோ கைவிட்டோ போன பிள்ளைகள் ஏராளம். அவர்களில் பையன்களை வளர்த்துப் படிக்கவைக்க 1789-ல் எழும்பூரில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அந்த விடுதியில் ஒரு வகுப்பறைப் பழக்கம் பிடித்துக்கொண்டு, கப்பலேறி, லண்டன் போய், அங்கிருந்து போனஸ் அயர்ஸ், லீமா, கராகஸ், மெக்சிகோ என்று ஸ்பானிஷ் பேசும் ஊர்களுக்கெல்லாம் போனது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்தப் பழக்கம். அது அந்த விடுதியில் பிறந்ததும் இல்லை. தமிழ்நாட்டுத் திண்ணையில் இருந்து அங்கே போனது.

இப்போது இந்தக் கதையைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பூந்தமல்லியைச் சுற்றி நசரத்பேட்டை, தண்டலம், திருமழிசை என்று கல்லூரிகளும் ஆலைகளும் நிறைந்துவிட்டன. வெளிநாட்டு மொழி ஒன்று தெரிந்தால் வேலைக்கு உதவும் என்று பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகளோடு ஸ்பானிஷும் படிக்கிறார்கள். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திலேயே ஸ்பானிஷ் இருக்கிறது. ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி அது. ஆனால் எந்த மொழி வகுப்பானாலும் ஆசிரியர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: எழுதுகிறார்கள், இலக்கணத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். பத்து, பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தும் நேர்முகத் தேர்வில் திணறும் பிள்ளைகளின் கதைதான் இதுவும். அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு வராமல் இல்லை. பேச இடம் கொடுக்காத வகுப்பறையைத்தான் நாம் கட்டி வைத்திருக்கிறோம். இடம் கொடுத்த வகுப்பறை ஒன்று நம்மிடம் இருந்தது.

1623-ல் பியட்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி கர்நாடகத்தின் இக்கேரிப் பக்கம் போயிருந்தார். ஒரு கோயில் தாழ்வாரத்தில் நான்கு சிறுவர்கள் உட்கார்ந்து கணக்குப் படிப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். தரையில் மெல்லிய மணல் பரப்பியிருந்தது. ஒருவன் பாடத்தில் ஒரு வரியை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதுவான். மற்ற மூவரும் அதே ராகத்தில் சொல்லி, அதையே எழுதுவார்கள். இடம் நிரம்பியதும் மேலே புது மணலைத் தூவிக்கொண்டு தொடர்வார்கள். பக்கத்தில் வாத்தியார் யாரும் இல்லை. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள் என்று பயணி கேட்டார். நால்வருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடம் தடுமாறாது, அதனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம் என்றார்கள். எளிதாகவும் உறுதியாகவும் கற்கும் வழி என்று அவர் வியந்து எழுதிவைத்தார். அவர் பார்த்தது கன்னட நாட்டில் என்றாலும் தமிழ்த் திண்ணைகளிலும் இதே மணல், இதே ராகம், இதே முறைதான். மூத்த மாணவனுக்கு இங்கே சட்டாம்பிள்ளை என்று பெயர். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் சட்டதிட்டங்களை விரிவாகவே எழுதியிருக்கிறார். படிப்பு என்றால் சத்தம் என்றுதான் அன்றைக்குப் பொருள். சத்தம் நின்றால் வாத்தியார் விழித்துக்கொள்வார்.

இந்தச் சத்தம் ஆண்ட்ரூ பெல் காதில் விழுந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753-ல் முடிதிருத்துபவர் ஒருவருக்குப் பிறந்தவர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொஞ்சம் சம்பாதித்து, பாதிரியாராகி, 1787-ல் சென்னைக்கு வந்தார். எழும்பூர் விடுதியின் மேற்பார்வையைச் சம்பளம் வாங்காமல் ஏற்றுக்கொண்டார். அங்கே இருந்த உதவி ஆசிரியர்கள் படுமந்தம். பிள்ளைகளுக்கு அகர வரிசையே மாதக்கணக்கில் ஏறவில்லை. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியபடி சொல்லிப் படிப்பதைப் பார்த்தார் பெல். கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவிக்கொண்டு திரும்பி வந்தாராம். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் சதேயும் மற்றவர்களும் தந்திருக்கும் செய்தி இது.

உதவி ஆசிரியர்களிடம் மணலில் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். முடியாது என்றார்கள். அதுதான் திருப்பம். மறுத்தவர்களை விட்டுவிட்டு, ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டார். சாதாரணச் சிப்பாயின் மகன். கடைசி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்களால் மாதக்கணக்கில் ஆகாதது அந்தப் பையனால் ஆனது. பிறகு பெல் விடுதி முழுவதையும் அதே வழியில் மாற்றினார். ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பவன் ஒருவன், கற்பவன் ஒருவன் என்று பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து உட்காரவைத்தார். இன்றைய மொழி ஆசிரியர் பயிற்சிகளில் புதுச் சரக்கு போலச் சொல்லித்தரும் ஜோடிப் பயிற்சிக்கும் இதற்கும் உட்காரும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

1796-ல் பெல் ஊருக்குக் கப்பலேறினார். அடுத்த வருடம் லண்டனில் ஒரு சிறு நூல் அச்சிட்டார். மதராஸ் ஆண்பிள்ளைகள் விடுதியில் நடந்த கல்விச் சோதனை என்பது அதன் பொருள். 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபை தேசியச் சங்கம் ஒன்றை அமைத்து, ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளை இந்த முறையில் திறக்கத் தொடங்கியது. அங்கே இதற்குப் பெயரே மதராஸ் முறை. 1832-ல் பெல் இறந்தபோது அப்படிப்பட்ட பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவர் விட்டுச்சென்ற பணத்தில் அவர் பிறந்த ஊரில் ஒரு பள்ளி எழுந்தது. அதன் பெயர் மதராஸ் கல்லூரி. ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் இன்றும் அந்தப் பெயரில்தான் படித்து வெளியே வருகிறார்கள்.

ஜோசப் லங்காஸ்டர் என்று இன்னொருவர். லண்டன் சதர்க் பகுதிக்காரர், பெல்லைவிட 25 வயது இளையவர். 1798-ல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சம்பளத்துக்கு ஆசிரியர் வைக்க வழியில்லாமல் மூத்த பையன்களைக் கொண்டு இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெல்லின் நூலையும் படித்து அதில் இருந்து எடுத்துக்கொண்டார். இருவரில் யார் முதலில் கண்டது என்று பிறகு பெரிய சண்டையே நடந்தது. திண்ணைக்காரன் பெயர் அந்த வழக்கில் எழவே இல்லை. லங்காஸ்டர் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசை வரிசையாக உட்காரவைத்தார். வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை, எழுந்திருக்க ஒரு சைகை, பலகையைக் காட்ட ஒரு சைகை. திண்ணையில் இருந்து போன பழக்கம் அங்கே பட்டாள அணிவகுப்பாக மாறியது. அந்த மாறிய உருவம்தான் ஸ்பானிஷ் உலகத்துக்குப் போனது. பின்னால் வந்த தொல்லைக்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஸ்பானிஷ் அமெரிக்காவில் அப்போது சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தது. புதிதாகப் பிறக்கும் குடியரசுகளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த குடிமக்கள் அவசரமாக வேண்டும். கஜானாவில் காசில்லை, ஆசிரியர்களும் இல்லை. ஒரே ஆசிரியரை வைத்து நூறு பேருக்குமேல் கற்பிக்கலாம் என்ற பேச்சு அவர்களுக்குத் தேனாக இனித்தது. டியேகோ தாம்சன் என்று ஸ்பானிஷ் பெயரில் அறியப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் தாம்சன் 1818-ல் போனஸ் அயர்ஸில் வந்து இறங்கினார். 1821-ல் சிலியின் ஆட்சித் தலைவர் ஓ'ஹிக்கின்ஸ் அழைத்ததால் அங்கே போனார். 1822-ல் பெருவின் விடுதலைத் தலைவர் சான் மார்ட்டின் ஆதரவில் லீமாவில் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி அமைத்தார். அதே வருடம் மெக்சிகோ நகரத்தில் லங்காஸ்டர் கழகம் தொடங்கியது. மத விசாரணை மன்றம் இருந்த பழைய கட்டடத்திலேயே அதன் முதல் பள்ளி நடந்தது. நாக்கை அடக்குவதற்கென்றே இருந்த கட்டடத்துக்குள் பிள்ளைகளின் கோரஸ் எழுந்ததை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. 1842-ல் மெக்சிகோ அரசாங்கம் நாட்டின் ஆரம்பக் கல்விப் பொறுப்பையே அந்தக் கழகத்திடம் கொடுத்தது. 1890 வரை கழகம் இருந்தது.

லங்காஸ்டரே 1824-ல் கராகஸ் போனார். 1810-ல் லண்டனில் அவர் பார்த்த சிமோன் பொலிவார் இப்போது நாட்டின் விடுதலைத் தலைவர். அவருடைய ஆதரவு கிடைத்தது. பணத் தகராறிலும் நகரசபைச் சண்டையிலும் மூன்று வருடத்தில் எல்லாம் முறிந்து, லங்காஸ்டர் ஊரைவிட்டே போனார்.

பொலிவாருக்கு இளம் வயதில் பாடம் சொன்ன ஆசிரியர் சிமோன் ரோட்ரிகஸ் இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வது மனப்பாடம்தான், படிப்பு ஆகாது என்பது அவர் வாதம். அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றும் சூப்போடு அதை ஒப்பிட்டார். வயிறு நிரம்பும், சத்து இராது. பிள்ளைகளைக் கேள்வி கேட்கிறவர்களாக வளர்க்க வேண்டும் என்று எழுதினார். ஏன் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுப் பழகியவன்தான் அதிகாரத்துக்கும் வழக்கத்துக்கும் அடங்கிப் போகாமல் நியாயத்துக்குக் கட்டுப்படுவான் என்றார். வாய் திறப்பதும் பேசுவதும் ஒன்றல்ல என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கேயும் அதே குறையை ஒருவர் எழுதினார். 1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணம் முழுவதும் பள்ளிக் கணக்கெடுக்கச் சொன்னார். பெல்லாரி கலெக்டர் கேம்பல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவர்கள் பின்தங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் பாராட்டத்தக்கது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது சரிதான் என்று எழுதினார். அதே அறிக்கையில், பிள்ளைகள் பொருள் தெரியாத செய்யுள்களைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள் என்றும் வருத்தப்பட்டார். கேம்பலும் ரோட்ரிகஸும் ஒரே நோய்க்கு ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் திண்ணைப் பக்கமே இடமில்லை. திண்ணையைப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அங்கே வாய்விட்டுப் படிக்கும் உரிமை ஒரு சிறு வட்டத்துக்குள்தான் இருந்தது.

பிறகு கரும்பலகை, மேசை, நாற்காலி எல்லாம் வந்தன. ஆசிரியர் பேச, பிள்ளைகள் கைகட்டிக் கேட்கும் வகுப்பே ஒழுங்கான வகுப்பு என்றாகிவிட்டது. அதை உடைக்க மறுபடியும் சென்னையில் இருந்தே ஒருவர் கிளம்பினார். என்.எஸ்.பிரபு, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்விப் பொறுப்பில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களில் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்தார். இந்த ரயிலைப் பிடித்தால் அந்த ஊருக்கு எப்போது போகலாம் என்று ஆங்கிலத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். கவனம் விடையில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. 1987-ல் அதை நூலாக எழுதினார். செயல்வழி மொழிக் கல்வி என்று உலகமே இன்று பேசுவதன் தொடக்க நூல்களில் ஒன்று அது. 1990-களில் ஸ்பெயினில் அயல்நாட்டாருக்கு ஸ்பானிஷ் கற்பிப்பவர்களும் செயலை மையமாக வைத்துப் பாடநூல் எழுதத் தொடங்கிவிட்டார்கள். எழும்பூரில் இருந்து ஒரு முறை, பிரபுவின் சோதனை வழியாக இரண்டாம் முறை என்று சென்னையில் முளைத்த கருத்து இரண்டு முறை ஸ்பானிஷ் வகுப்பறைக்குள் போயிருக்கிறது.

பிரபுவுக்கு ஜோடிப் பயிற்சியில் நம்பிக்கை இல்லை. அரைகுறையாகத் தெரிந்த இருவர் பேசிக்கொண்டால் ஒருவர் பிழை மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சினார். அதனால் ஆசிரியரே வகுப்போடு பேசி நடத்தும்படி வைத்தார். இந்த இடத்தில் நான் பெல் பக்கம், அதாவது திண்ணைப் பக்கம் நிற்கிறேன். காரணம் வெறும் கணக்கு. 40 பேர் உள்ள வகுப்பு, 45 நிமிடம். பாதி நேரம் ஆசிரியர் பேசினால், மீதியில் ஒவ்வொருவராக எழுந்து பேச ஆளுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அதுவும் மற்ற 39 பேர் பார்த்துக்கொண்டிருக்க. 15 நிமிடம் இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டால் ஆளுக்கு ஏழரை நிமிடம். பதின்மூன்று மடங்குக்கு மேல். எந்தப் பிழைத்திருத்தமும் இந்த வித்தியாசத்தை ஈடுசெய்யாது.

ஆனால் பேசுவதற்கு ஒரு தேவை இருந்தாக வேண்டும் என்ற பிரபுவின் பாடத்தையும் விடக்கூடாது. தேவையில்லாமல் ஜோடியாக உட்காரவைத்தால் லங்காஸ்டரின் கோரஸ்தான் மிஞ்சும். பூந்தமல்லி வகுப்பில் இதைச் செய்வது கஷ்டமே இல்லை. ஒருத்தி கையில் ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் பேருந்து கிளம்பும் நேரம் உள்ள தாள். பக்கத்தில் இருப்பவள் கையில் கோயம்பேட்டுக்கும் திருவள்ளூருக்கும் கிளம்பும் நேரம். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. காலை ஒன்பதுக்குள் இரண்டு வேலைகளை முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. "ஆ கே ஓரா சாலே?" என்று கேட்டே தீர வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அர்த்தம். "ஆ லாஸ் ஓச்சோ இ மேதியா" என்று பதில் வரும்; எட்டரை மணிக்கு. எட்டையும் ஒன்பதையும் மாற்றிச் சொன்னால் பேருந்து போய்விடும், விடை தப்பாகும், திரும்பக் கேட்பார்கள். திரும்பக் கேட்கும் அந்த நொடியில்தான் மொழி உட்காருகிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷில் ஒரு வசதியும் இருக்கிறது, ஆங்கிலம் வழியாகக் கற்பிப்பதால் அது கண்ணில் படுவதில்லை. வினைமுற்றிலேயே யார் என்பது தெரிந்துவிடும். 'வந்தேன்' என்றால் 'நான்' வேண்டியதில்லை, அங்கேயும் அப்படித்தான். நீ, நீங்கள் என்ற மரியாதைப் பிரிவும் உண்டு. 'மே குஸ்தா லா தோசா' என்றால் எனக்குத் தோசை பிடிக்கும். ஆங்கில அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு 'யோ குஸ்தோ' என்று ஆரம்பித்துத் தடுமாறுகிறவனிடம், பக்கத்து பெஞ்சுப் பையன் "டேய், நான்னு ஆரம்பிக்காத, எனக்குன்னு ஆரம்பி" என்றால் போதும். இலக்கணப் புத்தகத்தில் அரைப் பக்கம் எடுக்கும் விளக்கம் அது. அதைச் சொன்னவன் தமிழில்தான் சொன்னான் என்று தண்டிக்கவும் கூடாது. வகுப்பில் தாய்மொழி ஒரு சொல்கூடக் காதில் விழக்கூடாது என்று கறாராக இருக்கும் ஆசிரியர்கள், கூச்சமுள்ள பிள்ளைகளின் கடைசிக் கதவையும் அடைத்துவிடுகிறார்கள்.

கூச்சத்தைப் பற்றிப் பேசும்போது பூந்தமல்லிக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசி, அவரோடு பேசும் பேறு பெற்றவர் என்பது வைணவ மரபு. ராமானுஜர் தம் மனதில் இருந்த ஐயங்களை நேரே கேட்காமல் நம்பி வழியாகத்தான் கேட்டார். பதிலாக வந்தவை ஆறு வார்த்தைகள். அத்தனை பெரிய ஆசாரியருக்கே நடுவில் ஒருவர் தேவைப்பட்டார் என்றால், பதினான்கு வயதுப் பெண் ஆசிரியரிடம் கேட்கத் தயங்கித் தோழியிடம் கேட்பதில் குறை என்ன இருக்கிறது? இதே பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் இருக்கிறது. காதும் வாயும் விரல் நுனியும் கொண்டே அந்தப் பிள்ளைகள் படித்துப் பட்டம் வரை போகிறார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான் படிப்பு என்று நினைப்பவர்கள் ஒரு தடவை அந்த வகுப்புகளை எண்ணிப் பார்க்கலாம்.

பிள்ளைகள் பேசும் வகுப்பு நம் அரசுப் பள்ளிக்குப் புதிதும் அல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷி வேலி பள்ளிக்காரர்கள் உருவாக்கிய அட்டைகளும் ஏணிப் படமும் அதற்கு அடிப்படை. 2007-08-க்குள் மாநிலம் முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், சுவரின் அடியில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். திண்ணை மறுபடி வீட்டுக்கு வந்தது, இந்தத் தடவை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே பாயில். ஆனால் அதே பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போனதும் பாய் போய் பெஞ்சு வந்துவிடும், வாயும் மூடிவிடும். மொழி வகுப்புகள் தோற்பது அந்த இடத்தில்தான்.

பூந்தமல்லியிலோ ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஸ்பானிஷ், ஆங்கிலம், இந்தி என்று எந்த மொழியைக் கற்பிப்பவராக இருந்தாலும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வகுப்பில் ஒன்று விட்டு ஒரு பெஞ்சைத் திருப்பிப் போட்டுப் பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவையுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதபடி இரண்டு தாள் கொடுங்கள். நடுவில் நடந்து காது கொடுங்கள்; காதில் விழும் பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடம் யார் பெயரையும் சொல்லாமல் பலகையில் திருத்துங்கள். தலைமை ஆசிரியர்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. மொழி வகுப்பில் இருந்து சத்தம் வந்தால், உள்ளே போய் அடக்காதீர்கள்.